கூடுதலாகக் கொடுத்த பணம் யாருடைய கடன்?

பெட்டிக்கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த உதவித்தொகையில் கூடுதலாகப் போய்விட்டது, திருப்பிக் கட்டு என்று அரசாங்கம் நோட்டீஸ் அனுப்பும்போதும் நம் மனம் அந்தப் பெட்டிக்கடை நியாயத்தைத்தான் தேடிப் போகிறது. பொதுப்பணம் என்பதால் அதற்குக் கனமும் கூடிவிடுகிறது. சிவன் சொத்து குலநாசம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த நோட்டீசை எதிர்த்து மனுப் போடுகிறவர் கொஞ்சம் கூச்சம் கெட்டவராகவே தெரிவார். ஆனால் கடையில் வாங்குகிறவருக்குப் பொருளின் விலை தெரியும், தான் நீட்டிய நோட்டு தெரியும், கைக்கு வந்த சில்லறையை அங்கேயே எண்ணிப் பார்க்கவும் முடியும். கடைக்காரர் இரண்டு வருடம் கழித்து வந்து, தானே எழுதிய கணக்கைக் காட்டி, தானே தீர்ப்பும் சொல்லி, சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்டு போக முடியாது. குடும்ப உதவித்தொகையில் இவை எல்லாமே தலைகீழ். கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று அரசு சொல்வது ஒரு கோரிக்கைதான்; அதை நிரூபிக்க வேண்டியது கேட்கிறவரின் வேலை. நிரூபணம் ஆன பிறகும், பிழை யார் கையால் நேர்ந்தது, யாரால் அதைத் தடுத்திருக்க முடியும் என்று பார்த்துத்தான் கடன் யாருடையது என்று சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகச் செலவில் பெரும்பங்கை அங்கே அரசே தருகிறது. 2005-ன் சட்டப்படி அதைக் கொடுப்பதும் திரும்பப் பெறுவதும் அப்போது வரித்துறையின் பொறுப்பாக இருந்தது. இந்த வருடம் வருமானம் இவ்வளவு, பிள்ளை காப்பகத்தில் இருக்கும் நேரம் இவ்வளவு என்று பெற்றோர் உத்தேசமாகச் சொல்வார்கள். மாதாமாதம் முன்பணம் வரும். வருடம் முடிந்ததும் கணக்கை நேர் செய்வார்கள். செலவில் ஒரு பங்கைப் பெற்றோரும் போட வேண்டும். அந்தப் பங்கை முழுதாகக் கட்டியதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? வருடச் செலவு 10,000 யூரோ, உதவித்தொகை 9,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் கட்ட வேண்டிய 1,000 யூரோவில் 200 யூரோவுக்கு ரசீது இல்லை. அந்த 200 யூரோவின் அளவுக்கு உதவித்தொகையைக் குறைத்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வரித்துறை 9,000 யூரோவையும் கேட்டது. பிள்ளை காப்பகத்தில் இருந்தது உண்மை, காப்பகத்துக்குப் பணம் போனதும் உண்மை. இருந்தும் அந்த வருடம் முழுவதற்குமே தகுதி இல்லை என்று சட்டத்துக்குப் பொருள் சொன்னார்கள். இரண்டு மூன்று வருடங்களைச் சேர்த்துக் கூட்டினால் கடன் பல்லாயிரம் யூரோ. 2013-ல் பல்கேரியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேறு உதவித்தொகைகளைச் சுருட்டிய ஒரு கும்பலின் மோசடி அம்பலமாகி நாடாளுமன்றமே கொதித்தது. அதன் பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது.

இந்தக் கோரிக்கையை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்த பதில்தான் கவனிக்க வேண்டியது. ஐன்ட்ஹோவன் நகரத்தில் ஒரு காப்பக முகமையோடு தொடர்பு இருந்ததற்காக 232 குடும்பங்களின் உதவித்தொகையை நிறுத்தியதை அந்நாட்டுக் குறைதீர்ப்பு ஆணையர் 2017-ல் விசாரித்து, வரித்துறை நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். எந்தக் காகிதம் குறைகிறது என்று சொல்லாமலே காகிதம் கேட்டார்கள். ஆட்சேபணை மனுக்கள் கெடு தாண்டிக் கிடந்தன. வேண்டுமென்றே ஏமாற்றினார் அல்லது பெரும் அலட்சியம் காட்டினார் என்று கோப்பில் ஒரு முத்திரை விழுந்துவிட்டால், மற்றக் கடனாளிகளுக்குக் கிடைத்த 24 மாதத் தவணைகூட அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. தங்கள் கோப்பையாவது கொடுங்கள் என்று கேட்ட பெற்றோருக்கு 2019-ன் கடைசியில் அது கிடைத்தது: பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி. தன்மேல் உள்ள குற்றச்சாட்டு எது என்றே படிக்க முடியாத ஆவணம் அது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களின் விவரங்களைப் பாரபட்சமாகக் கையாண்டதைத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் உறுதி செய்தது. நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம், எல்லாவற்றையும் திருப்பிக் கொடு என்ற அந்தப் பொருள்கோடலை 2019 அக்டோபர் வரை சரி என்றே சொல்லிவந்தது. பிற்பாடு தானும் தவறியதை ஒப்புக்கொண்டது. பீட்டர் ஓம்ட்ஸிக்ட், ரென்ஸ்கே லைடன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் விடாப்பிடியாகக் கேட்ட கேள்விகளாலும் இரண்டு செய்தி நிறுவனங்களின் உழைப்பாலும் 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. இதுவரை கண்டிராத அநீதி என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. 2021 ஜனவரி 15 அன்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சிதான் மறுபடி முதலிடம் பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாக்காளர் மனசு தனிக் கணக்கு.

வாயை மூடிக்கொண்டு கட்டியவர்களும் அங்கே உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பயம், அசதி, அரசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து கட்ட வைத்தன. ஆனால் எல்லோரும் அப்படியே கட்டியிருந்தால் அந்த அநீதி இன்றைக்கும் சட்டமாகவே இருந்திருக்கும். எதிர்த்து மனுப் போட்டவர்கள் தங்கள் பாக்கெட்டைக் காப்பாற்றவே அதைச் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், விளைந்தது பொதுநன்மை. பொதுப்பணத்தைக் காக்கத்தான் இத்தனை கெடுபிடி என்ற வாதமும் அங்கே அடிபட்டுப்போனது: பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெற்றோருக்கும் குறைந்தது 30,000 யூரோ இழப்பீடு என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. வீடு போனவர்கள், திருமணம் முறிந்தவர்கள் கதையை விடுங்கள். இந்தக் குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடங்களில் வைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தக் கடன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடன் நெருக்கிய வீட்டில் பிள்ளை வளர்ப்பு எவ்வளவு திணறும் என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

நெதர்லாந்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் உண்மையில் கூடுதலாக வாங்கவே இல்லை, அதனால் அவர்கள் பக்கம் நியாயம் பேசுவது சுலபம் என்று ஒருவர் சொல்லலாம். சரியான ஆட்சேபணை. நிஜமாகவே கூடுதலாகப் போயிருந்தால்? அதற்குப் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். 2003 ஏப்ரலில் அங்கே தொடங்கிய டாக்ஸ் கிரெடிட் என்ற உதவித்தொகையில் முதல் வருடமே ஏறத்தாழ 200 கோடி பவுண்டு கூடுதலாகப் போனது. போன வருட வருமானத்தை வைத்துக் கொடுத்துவிட்டு, இந்த வருட வருமானத்தை வைத்துக் கணக்கை முடிக்கிற ஏற்பாடு. ஓவர்டைம் கிடைத்தாலும், துணைவர் வேலைக்குப் போனாலும் கணக்கு பிறழ்ந்தது. அதற்குமேல் கணினிப் பிழை, ஊழியர் பிழை. குடும்பம் மாற்றத்தைத் தொலைபேசியில் சரியாகச் சொல்லியிருக்கும். மறுமுனையில் தவறாகப் பதிந்திருப்பார்கள். 2005-ல் நாடாளுமன்றக் குறைதீர்ப்பு அதிகாரி ஆன் ஏப்ரகாம் இதைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தார். வருமானம் எவ்வளவு கூடினால் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்ற வரம்பை அரசு 2,500 பவுண்டிலிருந்து ஒரேயடியாக 25,000 பவுண்டுக்கு உயர்த்தியது. கூடுதல் பட்டுவாடாவில் ஒரு பெரும்பகுதி குடும்பங்களின் குற்றமல்ல, திட்டத்தின் அமைப்பு என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலத்தான். (பிற்பாடு அந்த வரம்பு படிப்படியாகப் பழையபடி 2,500-க்கே இறங்கியது வேறு விஷயம்.) பிழை துறையுடையது என்றால் வசூலிக்காமல் விட விதி இருந்தது. ஆனால் வந்த அறிவிப்பைக் குடும்பம் ஒரு மாதத்துக்குள் சரிபார்த்துத் தவறைச் சொல்லியிருக்க வேண்டும். பல பக்கம் ஓடும், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளங்காத ஓர் அறிவிப்பில் பிழை கண்டுபிடிக்கும் வேலையை, பயிற்சி பெற்ற ஊழியரும் கணினியும் கோட்டைவிட்ட பிறகு, இரண்டு கைக்குழந்தையோடு இருக்கும் தாயின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இங்கே இன்னொரு பலமான எதிர்வாதம் வரும். ஒரே தகுதி உள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு 3,000 பவுண்டு, இன்னொன்றுக்குத் தவறுதலாக 5,000 பவுண்டு போயிருந்தால், கூடுதலை விட்டுக்கொடுப்பது முதல் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் அல்லவா? பிழையின் அதிர்ஷ்டம் ஒருவர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது என்பதற்காக அவர் அதை வைத்துக்கொள்ளலாமா? இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பணம் வங்கியில் அப்படியே கிடந்தால் திருப்பிக் கொடுப்பதே முறை. ஆனால் உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் பணம் கிடக்காது. காலணியாகவும் வாடகையாகவும் பள்ளிச் சுற்றுலாவாகவும் அந்தந்த மாதமே கரைந்துவிடும். அரசு கொடுத்த எண்ணை நம்பித்தான் ஒரு தாய் வேலை நேரத்தைக் குறைத்திருப்பாள், கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறியிருப்பாள். இரண்டு வருடம் கழித்து 2,000 பவுண்டைத் திருப்பிக் கேட்டால் இரண்டு குடும்பமும் சமமாகிவிடாது. முதல் குடும்பத்துக்கு ஒருநாளும் வராத ஒரு கடன் இரண்டாவது குடும்பத்துக்கு வந்து சேரும். ஜெர்மனியின் சமூக நலச் சட்டத்தில் இதற்கு நேரான விதியே உண்டு: அரசின் தவறான ஆணையை நம்பிப் பணத்தைச் செலவழித்துவிட்டவரின் நம்பிக்கையைப் பொதுவாகக் காக்க வேண்டும், பொய்த் தகவல் கொடுத்தவருக்கும், தவறென்று தெரிந்திருந்தவருக்கும் அந்தக் காப்பு கிடையாது. அரசு ஊழியர் சம்பளம் தொடர்பானதுதான் என்றாலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ல் ரஃபீக் மாசி வழக்கில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: கடைநிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஐந்து வருடத்துக்கு மேல் தவறாகக் கொடுத்துவந்த தொகையையும் பிடித்தம் செய்யக் கூடாது. இப்படி விட்டதால் எந்தக் கஜானாவும் திவாலாகவில்லை.

தெரிந்தே சும்மா இருந்தவரை என்ன செய்வது? துணைவரோடு சேர்ந்து வாழத் தொடங்கியதைச் சொல்லாமல் தனித்தாய்க்கான தொகையை வாங்கியவர், பிள்ளை வெளிநாட்டுக்குப் போன பிறகும் வாங்கியவர், அறிவிப்பில் வருமானம் பூஜ்யம் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் மடித்து வைத்தவர்: இவர்கள் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். இங்கே மறுப்பு மனுப் போடுவது பொய்ச் சாட்சிக்குச் சமம். சந்தேகம் வந்தும் துறையிடம் கேட்காமல் விட்டவருக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு. மறுக்கிற உரிமை உள்ளவருக்குச் சில கடமைகளும் உண்டு: கடிதத்தைப் பிரித்துப் படிப்பது, தெரிந்ததைச் சொல்வது, சரியான பகுதியை ஒப்புக்கொண்டு தவறான பகுதியை மட்டும் எதிர்ப்பது. ஆனால் சிலர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக எல்லோரையும் ஏமாற்றுக்காரராக வைத்துத் தொடங்குவது நெதர்லாந்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாயிற்று. ஏமாற்றியதை நிரூபிக்கத் துறைக்கு ஆள் உண்டு, ஆவணம் உண்டு, அதிகாரம் உண்டு. ஏமாற்றவில்லை என்று நிரூபிக்கக் குடும்பத்திடம் இருப்பது, பல நேரம், தொலைந்துபோன ஒரு ரசீது.

ஆகவே தொகையைவிட, மறுப்பை யார் விசாரிக்கிறார் என்பதே பெரிய கேள்வியாகிறது. பிரிட்டனின் டாக்ஸ் கிரெடிட்டில் தகுதியைப் பற்றிய முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடிந்தது. கூடுதல் தொகையை வசூலிக்கும் முடிவை எதிர்த்துப் போக முடியவில்லை. பணம் கொடுத்த துறையே மறுப்பையும் படித்துப் பார்த்து முடிவு சொன்னது. பிடித்தம் அதுவரை நிற்காமலும் போகலாம் என்ற நிலை. மனுவில் வென்றாலும் அந்த மாதங்களின் பட்டினியைத் திருப்பித் தர எந்த விதியிலும் வழியிருக்கவில்லை. அண்மையில்கூட, 2025-ல், பயணப் பதிவுகளைப் பார்த்து நாட்டை விட்டே போய்விட்டார்கள் என்று கணித்து பிரிட்டன் வரித்துறை சுமார் 23,500 குடும்பங்களின் குழந்தை உதவித்தொகையை நிறுத்தியது. பெல்ஃபாஸ்டிலிருந்து விமானம் ஏறி விடுமுறைக்குப் போய், டப்ளினில் இறங்கி வீட்டுக்குக் காரில் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கிளம்பியதற்குப் பதிவு உண்டு, திரும்பியதற்கு இல்லை. தாங்கள் வீட்டில்தான் இருக்கிறோம் என்று அவர்களே நிரூபிக்க வேண்டியிருந்தது. கூச்சல் எழுந்த பிறகு துறை மன்னிப்புக் கேட்டது. இனி முதலில் கடிதம் எழுதி ஒரு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டே நிறுத்துவோம் என்று நடைமுறையை மாற்றியது. அந்த ஒரு மாதம் பழைய பாக்கி வசூலுக்கும் பொருந்த வேண்டும்: முதலில் கணக்கைக் காட்டட்டும், குடும்பத்தின் பதிலைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்கட்டும், அதுவரை பிடித்தம் நிற்கட்டும்.