நரகத்தின் நெருப்பும் நரகத்தின் எல்லையும்

சைவாசிரியர்களே,

சென்ற ஆண்டிலே ஒருநாள் யான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பஞ்சமாபாதகங்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொலை, களவு முதலியவற்றைக் கூறிக் கள்ளுண்ணலுக்கு வந்தபோது, அப்பாவஞ் செய்தோர் நரகத்திலே காய்ச்சி உருக்கிய இரும்பைக் குடிக்கும்படி யமதூதரால் வருத்தப்படுவர் என்பதைச் சிறிது விரித்தே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அசையாதிருந்து கேட்டனர். அஃது எனக்கு உவப்பாயும் இருந்தது. வகுப்பு முடிந்தபின் ஒரு மாணாக்கன் போகாது நின்றான். அவன் தந்தை குடியினாலே ஈரல் கெட்டு இறந்து ஓராண்டு நிரம்பவில்லை என்பது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது. அவன் அழவில்லை. “ஐயா, அப்பா அங்கே எவ்வளவு காலம் இருப்பார்?” என்று மாத்திரங் கேட்டான். “நாளைக்குச் சொல்லுகின்றேன்” என்று அவனை அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் படிப்பித்தவனுக்கு அது நாணத்தக்க விடையேயாம்.

அப்பிள்ளை அந்நெருப்பு மெய்யோ உவமையோ என்று கேட்டிலன். அதன் எல்லையையே கேட்டான். கிறிஸ்து சமயத்தாருட் கற்றறிந்தோர் பதினேழு நூற்றாண்டுகளாக நெருப்பைப் பற்றி வாதித்து வருகின்றனர். அவ்வாதத்தின் உள்ளேயும் கிடப்பது இச்சிறுவன் கேட்ட கேள்வியே என்பது என் துணிபு. மிஷன் பாடசாலையிலே படித்து அவர்கள் வேதத்தில் இளமையிலேயே பழகினேனாதலின், அவ்வாதத்தின் வரலாற்றை உங்களுக்குச் சிறிது எடுத்துரைப்பேன். அவர்களை இகழ்தற்கன்று; நாம் வகுப்பிலே வாய்திறக்குமுன் நம்மை நாமே சோதித்துக்கொள்ளுதற்பொருட்டென்க.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். தமிழ் விவிலியத்திலே நரகம் என்று பெயர்க்கப்பட்ட சொல் கெகென்னா என்பது. அஃது எருசலேம் நகரின் தெற்கேயுள்ள இன்னோம் என்னும் பள்ளத்தாக்கின் பெயர். ஆகாஸ், மனாசே என்னும் அரசர் அங்கே தம் பிள்ளைகளைத் தீயிலே பலியிட்டனரென்றும், பின்வந்த யோசியா அவ்விடத்தைத் தீட்டுப்படுத்தினானென்றும் பழைய ஏற்பாடு கூறும். அப்பள்ளத்தாக்கு ஊர்க்குப்பை ஓயாது எரியும் இடமாயிருந்தது என்று இக்காலப் போதகர் பலர் சொல்வர். அச்செய்தி கிறிஸ்துவுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டுப் பிற்காலத்து யூத உரையாசிரியர் ஒருவரிடத்திலேயே முதன்முதற் காணப்படுவது. ஆதலின் அதனை நம்பிக் கட்டடங் கட்டுதல் தகாது. ஷியோல் என்னும் வேறொரு சொல் இறந்தார் யாவருஞ் சேரும் இருளுலகைக் குறிக்கும்; அது தமிழிலே பாதாளமாயிற்று. இவ்விரண்டும் ஆங்கிலத்திலே நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே சொல்லாற் பெயர்க்கப்பட்டமையால் மயக்கம் மிகுந்தது.

மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் விளங்கிய ஒரிகேன் என்பவர், நரகத்தீ புறத்தே மூட்டப்பட்டதன்று, பாவி தன் பாவத்தையே விறகாகக் கொண்டு தானே மூட்டிக்கொள்வது என்றார். அத்தண்டனை மருத்துவன் செய்யுஞ் சிகிற்சை போல்வது என்றும், ஈற்றிலே எல்லாம் இறைவனிடத்து மீளும் என்றும் எண்ணினார். 553 ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்திநோபிளிற் கூடிய சங்கம் அவர் பெயரைச் சமயவிரோதிகள் வரிசையிலே வைத்தது.

வென்றது அகஸ்தீனுடைய கொள்கை. ஐந்தாம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் இருபத்தோராம் புத்தகம் முழுவதும் இவ்விஷயமே. உடம்பு தீயிலே என்றும் எரிந்தும் அழியாதிருத்தல் கூடுமோ என்பார்க்கு, நெருப்பிலே வாழ்வதாகச் சொல்லப்படும் சலமந்தர் என்னும் பிராணியையும், எக்காலமும் எரிந்துகொண்டு நிற்கும் சிசிலித் தீவின் மலைகளையும் காட்டினார். அம்மட்டோ! கார்த்தேஜ் நகரிலே தமக்குப் படைத்த மயிலிறைச்சியில் ஒரு துண்டை எடுத்துவைத்து, முப்பது நாளின் பின்னும், ஓராண்டின் பின்னும் பார்த்து, அது நாறவில்லையென்று சான்று கூறினார். மயிலை முருகப்பெருமானுடைய வாகனமென்று வணங்கும் நமக்கு அக்கதை சற்றே மனவருத்தந் தரும்; அது நிற்க. அவர் எடுத்த வேறொரு நியாயமே வலியது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகார முடிவிலே தீயோர் அடையுந் தண்டனைக்கும் நல்லோர் அடையும் வாழ்வுக்கும் ஒரே அடைமொழி புணர்க்கப்பட்டுளது. ஒன்று முடிவுடையதெனின் மற்றையதும் முடிவுடையதாகல் வேண்டுமன்றோ என்றார். பதினைந்து நூற்றாண்டாக மாற்றார் எல்லாரும் மோதித் திரும்புவது இந்தக் கற்சுவரிலேதான்.

கத்தோலிக்கருக்கு ஒரு புகலிடம் இருந்தது. அவர் தமிழிலே ‘உத்தரிக்கும் ஸ்தலம்’ என்பர். அருளோடு இறந்தும் குற்றம் முற்றும் நீங்காதவர் அங்கே துன்புற்றுத் தூய்மையடைந்து மோக்ஷம் புகுவர். பதினாறாம் நூற்றாண்டிலே புரோட்டெஸ்தாந்தர் அதனை வேதத்தில் இல்லாததென்று தள்ளிவிட்டனர். தள்ளவே, முடிவில்லாத இன்பம், முடிவில்லாத துன்பம் என்னும் இரண்டே வழி நின்றன. நல்லவனென்றுஞ் சொல்லமுடியாத, தீயவனென்றுஞ் சொல்லமுடியாத நம்மைப் போன்ற சாமானியன் எங்கே போவான்? இங்கிலாந்திலே இவ்வாதம் அத்துணைக் கடுமையாயினமைக்கு இது பெரியதொரு காரணம்.

1853 இலே பிரெடரிக் டெனிசன் மோரிஸ் என்பவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலே பேராசிரியராயிருந்தார். வேதத்திலே நித்தியம் என்பது முடிவில்லாத காலத்தைக் குறிப்பதன்று. இறைவனை அறிதலே நித்திய வாழ்வு, அவனை இழத்தலே நித்திய மரணம் என்று அவர் ஒரு நூலில் எழுதினார். அவ்வாண்டிலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஏழாண்டின்பின் எழுவர் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டனர். அவருள் வில்சன் என்னுங் குருவானவர், தீயோரும் ஈற்றிலே மன்னிக்கப்படலாம் என்னும் நம்பிக்கையை எழுதியமைக்காகச் சமயக் கோட்டிலே குற்றவாளியாக்கப்பட்டார். வழக்கு பிரிவி கவுன்சிலுக்கு ஏறியது. 1864 இலே, அவ்வாறு நம்புதலைத் தடுக்கும் விதி இங்கிலாந்துத் திருச்சபையிலே இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1553 இல் எழுதப்பட்ட நாற்பத்திரண்டு விதிகளுள் இறுதி விதி, எல்லாரும் ஈற்றில் இரட்சிக்கப்படுவர் என்பாரைக் கண்டித்தது. பத்தாண்டின்பின் விதிகளைத் திருத்தினோர் அதனை எடுத்துவிட்டனர். தீர்ப்புரைத்த வெஸ்ட்பரி பிரபு நரகத்தையே வழக்குச்செலவோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று அந்நாளில் ஒரு பரிகாசம் வழங்கியது. ஆயினும் ஏறக்குறைய 11,000 குருமார், நித்திய தண்டனை மெய்யே என்று கையொப்பமிட்டனர். நரகம் குறைந்துவிடுமோ என்று பதினோராயிரவர் அஞ்சினர் என்பது எத்துணை விநோதம்! அவர்கள் கொடியவரல்லர், அச்சம் ஒழியின் அறமும் ஒழியும் என்று மெய்யாகவே எண்ணினர். அவ்வெண்ணம் நம்மிடத்தும் இல்லையோ?

பின்னும் வாதம் ஓயவில்லை. 1877 இலே பரார் என்பவர் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்திலே நித்திய நரகத்தை மறுத்துப் பிரசங்கித்தார். 1880 இலே பூசி என்னும் பெரும்பண்டிதர் அவரை மறுத்து நூல் எழுதினார். 1988 இலே ஜோன் ஸ்டொட், தீயோர் முடிவின்றி வருந்துவதினும் முற்றாக அழிந்தொழிதலே வேதக்கருத்தாகலாம் என்றார். 1995 இலே இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டுக் குழுவும் நரகமாவது இல்லாமையே என்று கூறியது. 1999 ஆடி மாதத்திலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், நரகம் ஓர் இடம் என்பதினும் இறைவனைத் தானே துறந்த ஆன்மாவின் நிலையென்றும், வேதத்திலுள்ள நெருப்பு முதலியன உருவகமாக உணரத்தக்கனவென்றும் போதித்தார். பத்திரிகைகள் நரகம் ஒழிந்ததென்று மகிழ்ந்தன. ஊன்றி நோக்குக: இடம் போயிற்று, நெருப்புப் போயிற்று, முடிவின்மை போகவில்லை. அத்திருச்சபை 1992 இல் வெளியிட்ட ஞானோபதேச நூலிலே நித்தியம் என்பது அவ்வாறே நிற்கின்றது. நெருப்பை உருவகமாக்குவதனாலே அச்சிறுவனுக்கு விடை கிடைக்குமோ? கிடையாது. ஸ்டொட் கூறியதோ துன்பத்தை முடித்துத் தந்தையையும் முடித்துவிடும்.

இனி நம் சமயத்துக்கு வருவோம். நம்மவருள்ளும் ஆங்கிலங் கற்றோர் சிலர், நரகமாவது மனவேதனையே, வேறொன்றுமன்று என்று நாகரிகமாகச் சொல்லக் காண்கின்றேம். சித்தாந்தம் அதற்கு இடங்கொடாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்குமின்றி ஆன்மாவுக்கு அநுபவம் இல்லை. ஆதலால் தீவினைப் பயனை நுகர்தற்கு யாதனாசரீரமும், அதற்கேற்ற புவனமும் வேண்டப்படும். இருபத்தெட்டுக் கோடி நரகம் என்று நம் நூல்கள் கூறும். இடத்தை மறுக்க நமக்கு ஒரு தேவையுமில்லை. ஏனெனில் நமக்கு அவ்விடம் சிறைச்சாலையேயன்றிச் சுடுகாடன்று. வினை அளவுடையது; அளவுடைய காரணத்திலிருந்து அளவில்லாத காரியம் பிறவாது. புசித்த வினை கழியும். எஞ்சியது கொண்டு ஆன்மா மீண்டும் பிறக்கும். அத்துன்பமும் இறைவனுடைய மறக்கருணையேயாம். ஆணவம் நோய், நரகம் கைப்பான மருந்து. இந்துக்கள் எல்லாரும் இவ்வாறே கொண்டார் என்று பெருமை பேசவேண்டா. மத்துவாசாரியர் சில ஆன்மாக்களுக்கு மீட்சியே இல்லை என்று கொண்டார். நம் சைவசித்தாந்தம் அவ்வாறு கொள்ளாது.

ஆகவே நம் நரகம் கிறிஸ்தவருடைய நரகத்தை ஒப்பதன்று. ஒருவாறு கத்தோலிக்கருடைய உத்தரிக்கும் ஸ்தலத்தையே ஒக்கும். நம் சொல்லை அவர்கள் எடுத்து நித்தியத்தை ஏற்றினர். இப்பொழுது அதே சொல் நம் பிள்ளைகளுடைய செவியிலே அவர்கள் ஏற்றிய பொருளோடு விழுகின்றது. நாமோ கொப்பரையையும் நெருப்பையும் சொல்லிவிட்டு மணியடித்தவுடன் எழுந்து போகின்றோம்.

யான் பதினொரு வயதிலே, ஒரு போதகர் இயேசுவை ஏற்றுக்கொள்ளாது இறந்தோர் எல்லாரும் அவியாத தீயிலே கிடப்பர் என்று பிரசங்கிக்கக் கேட்டேன். அவ்வாண்டே என் ஆச்சி இறந்திருந்தாள். நாடோறும் விடியலில் நீராடித் திருநீறு பூசிச் சந்தியிலுள்ள பிள்ளையாரை வணங்கியவள். பல இரவு எனக்கு உறக்கமில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அப்போதகர் என்னிடத்து அன்புடையவர்; கடன்வாங்கிப் படிக்கத் தம் புத்தகங்களைத் தந்தவர். அவருக்கு என் ஆச்சியைத் தெரியாது. எனக்கோ அம்மாணாக்கனுடைய தந்தையைத் தெரியும். நாற்பதாண்டாக அவரை மனத்துள்ளே குறைகூறிவந்த யான், அவர் செய்ததையே திருநீற்றோடு நின்று செய்தேன்.

மறுநாள் அப்பிள்ளையை வேம்பின்கீழ் அழைத்து, “தம்பி, எவ்வளவு காலமென்று நாள் எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது. முடிவு உண்டு என்பது நிச்சயம். அங்கேயும் சிவபெருமான் அவரைக் கைவிடார். அப்பா குடித்தது மாத்திரம் அவர் செய்த வினையன்று, உன்னைத் தோளிலே சுமந்ததும் அவர் செய்த வினையே” என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, தந்தைக்கு எள்ளுந் தண்ணீரும் இறைத்தால் அவருக்குச் சேருமோ என்று கேட்டான். சேரும் என்றேன்.

அவ்வாண்டு ஆடியமாவாசையன்று கீரிமலையிலே சனக்கூட்டத்தினிடையே அவனைக் கண்டேன். தாய்மாமனோடு வந்திருந்தான், தலை நனைந்திருந்தது, கையிலே தருப்பைப் பவித்திரம் இருந்தது. என்னைக் கண்டு சிரித்துவிட்டு, ஐயர் சொல்லிய மந்திரத்தைத் தப்பாமற் சொல்லவேண்டி மறுபடியும் அவர் பக்கந் திரும்பிக்கொண்டான்.

திருச்சிற்றம்பலம்.