மறைகுறையும் உத்தரவாதமும்

பழைய சொகுசுக் காரை விற்பவர், வாங்குபவர் கேட்காத குறையையும் தாமாகவே சொல்லக் கடமைப்பட்டவரா என்னும் கேள்வியின் வேர், கார் தோன்றுவதற்கு மிக முந்தியது. கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி நூல் எழுதிய ரோமானியரான சிசரோ, குறையுள்ள வீட்டை விற்பவரை முன்னிறுத்தி, அறவாழ்வே நல்வாழ்வு எனக் கொண்ட ஸ்டோயிக் மரபினர் இருவரின் கருத்து வேறுபாட்டை விளக்குகிறார்: சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்பது பாபிலோனிய டயோஜெனிஸின் நிலை, மனிதகுலம் முழுவதும் ஒரே சமூகமாதலால் எதையும் மறைக்கலாகாது என்பது அவருடைய மாணவர் ஆண்டிபேட்டரின் நிலை. சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். அதுவே சரியான முடிவு.

1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப், விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத ‘தகவல் சமமின்மை’ நல்ல கார்களைச் சந்தையிலிருந்து விரட்டும் எனக் காட்டி, அதனை எதிர்கொள்ளும் ஏற்பாடுகளுள் ஒன்றாக உத்தரவாதத்தைக் குறிப்பிட்டார்.

சான்றளிக்கப்பட்ட உத்தரவாதம் என்பது, தயாரிப்பு நிறுவனத்தின் நெறிப்படி காரைச் சோதித்து, குறித்த காலம் வரையோ தொலைவு வரையோ பழுதுச் செலவை ஏற்பதாகும். கியர்பாக்ஸ், காற்றழுத்த சஸ்பென்ஷன் போன்றவற்றின் செலவு பெரிதாதலால் இவ்வுத்தரவாதத்துக்குத் தனி விலை கொடுப்பது பலருக்கும் பொருந்தும். எனினும் டயர், பிரேக் பேடு முதலிய தேய்மானப் பாகங்கள் பொதுவாக அதில் அடங்குவதில்லை. உத்தரவாதம் இழப்பை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுகிறதே அன்றி, விபத்தில் சிக்கிச் சீரமைக்கப்பட்ட காரின் வரலாற்றைச் சொல்லும் கடமையை விற்பவரிடமிருந்து நீக்குவதில்லை.