எடைமேடையும் மீஸானும்



செய்த பாவத்தைப் பலரறியச் சொல்லி அழும் வழக்கம் அமெரிக்காவில் இன்று தேவாலயத்தோடு நிற்கவில்லை. தொலைக்காட்சி மேடைக்கும் வந்துவிட்டது. அங்கே ஒப்புக்கொள்ளப்படும் பாவம் களவோ சூதோ அன்று. உடற்பருமன்!

2004இல் அந்நாட்டில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்றொரு போட்டி தொடங்கிற்று. பருத்த ஆண்களும் பெண்களும் பாதி உடம்பு தெரிய எடைமேடையில் ஏறி, தம் தீனியையும் வெட்கத்தையும் சொல்லி அழுவார்கள். நாடே பார்க்கும். நடுநடுவே விளம்பரம் ஓடும். அதில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒருவரைத் தவிர ஏனையோர் குறைத்த எடையில் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெற்றிருந்தனர். அவர்களின் உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. உடலே இப்படி எதிர்த்து நிற்கையில், மனவுறுதியில்லாதவர்கள் என்று அவர்களை ஏசுவது எந்த நியாயம்?

ஓப்ரா வின்ஃபிரி அம்மையார் 1988இல் தாம் குறைத்த 67 பவுண்டுக்கு ஈடான கொழுப்பை வண்டியில் வைத்து மேடையில் இழுத்து வந்தார். எடை திரும்பியது. 2015இல் எடைகுறைப்பு நிறுவனமொன்றின் பங்குகளை வாங்கினார். 2023இல், தாம் மருந்து உட்கொள்வதாக அறிவித்தார். மருந்துண்பது குற்றமன்று; அவரைப் பழிக்கவும் நாம் எழுதவில்லை. 35 ஆண்டுகள் ஒருவர் தம் உடம்புக்காக ஊராருக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்ததே!

நம் மார்க்கத்திலோ, மெய்யான பாவத்துக்கே திரையுண்டு. இரவில் செய்த பிழையை அல்லாஹ் மறைத்திருக்க, விடிந்ததும் தானே அதைப் பறைசாற்றித் திரிபவனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். தவ்பாவுக்குப் பார்வையாளர் வேண்டியதில்லை. அளவோடு உண்ணவும் நாம் ஏவப்பட்டுள்ளோம், அது வேறு. பிறர் உடம்பை எடைபோட நமக்கு அதிகாரம் தரப்படவில்லை.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிலர் சிரித்தபோது, அக்கால்கள் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். மறுமையில் பருத்த ஒருவர் கொசுவின் இறக்கையளவும் எடையின்றி வருவார் என்ற ஹதீஸையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தராசில் சதைக்கு எடையே இல்லை. மெலிந்தவனும் அங்கே பெருமைகொள்ள முடியாது.

ஓதிய காலத்தில், நம்முடன் பயின்ற பருத்த மாணவரொருவர் ஸஹனில் வந்து அமரும்போதெல்லாம், வயிற்றில் மூன்றிலொரு பாகம் என்ற ஹதீஸை நாம் உரக்க ஓதுவோம். மார்க்கம் பேசுவதாகவே எண்ணிக்கொண்டோம். நாளடைவில் அவர் தனியே உண்ணத் தொடங்கினார். இது அடியானின் ஹக்கு. இங்கே எழுதுவதால் தீராது, அவரிடமே பொறுப்புத் தேட வேண்டும். சென்ற மாதம் கடிதம் எழுதினோம். இன்னும் பதில் வரவில்லை.