கூண்டில் முடிந்த கூட்டம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஒகையோ ஆற்றின் கரையில் அமைந்த நகரம் சின்சினாட்டி. உறவினரைக் காணச் சென்றிருந்த நாங்கள், ஏப்ரல் மாதத்து நாள் ஒன்றை அந்நகரின் விலங்கு, தாவரப் பூங்காவில் கழித்தோம். 1875-இல் திறக்கப்பட்ட பழம்பெரும் பூங்கா அது. நடைபாதையின் இருமருங்கிலும் துலிப் மலர்கள் வண்ண வண்ணமாய் விரிந்திருந்தன. ஓரிடத்தில் சிங்கம் ஒன்று உறங்கிக் கிடந்தது. இத்தனை தொலைவு வந்தும் அது எழக் காணோமே என்று கைதட்டினோம், குரல் எழுப்பினோம். அது கண் திறக்கவில்லை. ஏமாற்றத்துடன் நகர்ந்தோம்.

சற்றுத் தொலைவில், பகோடா போன்ற கூரையுடைய சிறு கட்டடம் ஒன்று எங்களை நிறுத்தியது. பழைய பறவைக் கூடங்களுள் ஒன்று, இன்று நினைவில்லம். பயணிப் புறா என்னும் இனத்தின் கடைசி உயிராகிய மார்த்தா என்ற பெண்புறா, 1914 செப்டம்பர் 1 அன்று இப்பூங்காவில் இறந்தது. அதன் உடலைப் பனிக்கட்டியில் உறையவைத்து, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள்.

ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் இப்புறாக்கள் 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. 1813-இல் ஒகையோ ஆற்றோரமாகப் பயணம் செய்த ஓவியர் ஆடுபான், நண்பகல் வெயிலையே மறைத்த புறாக்கூட்டம் மூன்று நாள் ஓயாமல் பறந்ததாக எழுதிவைத்தார். 1857-இல் இவற்றைக் காக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை ஒகையோ சட்டமன்றத்தில் எழுந்தது. இத்துணை பெருகும் பறவைக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று குழு ஒன்று முடிவு கூறியது. புறாக்கள் கூடு கட்டும் இடத்தைத் தந்தி வேட்டைக்காரர்க்கு அறிவித்தது. கொன்றவற்றைப் பீப்பாய் பீப்பாயாக நகரச் சந்தைகளுக்கு இரயில் சுமந்தது. காடுகளும் அழிந்தன. ஈட்டுக்கு ஒரே முட்டையிடும் அப்பறவையால் ஈடுகொடுக்க இயலவில்லை. குழு முடிவு கூறிய 57-ஆம் ஆண்டில், கடைசிப் புறாவும் மறைந்தது.

இதில் குற்றவாளி யார்? சுட்டவன் தன் பங்குக்குச் சிலவற்றைச் சுட்டான். விற்றவன் பிழைப்புக்காக விற்றான். வாங்கியவள் பிள்ளைகளின் பசிக்காக வாங்கினாள். அன்றிரவு ஆன்ம சோதனை செய்த எவருக்கும் இது பாவமாகத் தோன்றியிராது. தனித்தனியே நோக்கின் குற்றமில்லை. கூட்டிப் பார்த்தால் ஓர் இனமே இல்லை. எவரும் முழுமையாகச் செய்யாத பாவத்துக்கு எவரும் மனம் வருந்துவதில்லை. அதுவே அதன் கொடுமை.

எஞ்சியது ஒன்று என்றானதும் விலை ஏறியது. மார்த்தாவுக்குத் துணை தேடித் தருவோர்க்கு ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார்கள், துணை கிடைக்கவில்லை. முதுமையால் அசையாமல் அமர்ந்திருந்த அதை நடக்கவைத்துப் பார்க்க, வேடிக்கை பார்க்க வந்தோர் மணலை வாரி எறிந்தனராம். அதை அறிந்தபோது எங்கள் கைகளை நாங்களே பார்த்துக்கொண்டோம். சற்று முன்னர்ச் சிங்கத்தை எழுப்பத் தட்டிய கைகள் அல்லவா அவை?

இதே பூங்காவில்தான் 2001-இல் சுமத்ரா காண்டாமிருகக் கன்று ஒன்று பிறந்தது. அதற்குமுன் மனிதர் பராமரிப்பில் அவ்வினம் ஈன்று 112 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது 1889-இல் கல்கத்தாவில். அந்தலாஸ் என்ற அக்கன்று 2007-இல் இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டு, 2012-இல் தந்தையாயிற்று. கடைசி உயிரைப் பார்த்துக் கைபிசைந்து நின்ற இடமே, பின்னர் ஓர் உயிரைக் காட்டுக்கு அருகே திருப்பியனுப்பக் கற்றுக்கொண்டது. ஆறுதலான செய்திதான். ஆயினும் அந்தலாஸின் பிறப்பு மார்த்தாவின் இறப்புக்கு ஈடாகாது. கழுவாய் என்பது இழந்ததை மீட்பதன்று. இருப்பதை இழக்காமல் காப்பது.

அரியதைப் போற்ற எவருக்கும் தெரியும். மிகுதியாக இருப்பதை, இன்னும் நம்மிடம் ஏராளமாக இருப்பதை, நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நீரை, மரத்தை, நம் வீட்டு முதியவர்களின் நாட்களை?

மாலையில் திரும்பும் வழியில் சிங்கம் அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது. அரவமின்றிச் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.