ஆற்றங்கரை நடையும் பயனில் தீங்கும்

நடத்தல் யாவர்க்கும் எளிய செயல். எனினும் நம் ஆசாரியர்கள் அதனை எளிதென்று விட்டுவிடவில்லை. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவதாக ஈரியா சமிதியை வைத்தனர். பகலொளியில், பலரும் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு அடி வைத்தலே அது. இல்லறத்தார்க்கு இத்துணைக் கடுமை இல்லை. ஆயினும் அவர்க்கும் ஒரு வரம்பு உண்டு; அதுவே அனர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதல் என்பது அதன் பொருள்.

சமந்தபத்திர சுவாமிகள் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், மடியால் விளையும் இத்தகைய தீங்குகளை வரிசைப்படுத்துகிறார். வீணே மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அவர் சேர்த்துள்ளார். திரிதலும் தீங்கெனின், காலை மாலைகளில் உலாவச் செல்லும் நம் நடை எவ்வகையைச் சார்ந்தது?

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில் இக்கேள்வி எழவில்லை. வயலுக்கும் கிணற்றுக்கும் ஜினாலயத்திற்கும் நடந்த நடையே அவர்க்குப் போதுமானதாக இருந்தது. தொழில் நிமித்தம் தாம்பரம், பல்லாவரம், பொழிச்சலூர் போன்ற புறநகர்களில் குடியேறிய குடும்பங்களின் நிலை வேறு. நாற்காலியில் அமர்ந்தே பணி முடிகிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வருகின்றன. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். தெருவில் வண்டிகளின் நெருக்கம். ஆற்றங்கரையில் மேடு பள்ளமின்றிக் கல் பாவிய நடைபாதை ஒன்று அமைந்தால் எத்துணை நலம் என்று பெரியவர்கள் எண்ணுவது இயல்பே.

அவ்வெண்ணத்தில் குற்றமில்லை. உடல் அறம் செய்தற்குரிய கருவி. அதனைப் பேணும் நடை பயனற்ற திரிதல் ஆகாது. முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கும், கோலூன்றி நடப்பவர்க்கும், சக்கர நாற்காலியில் செல்பவர்க்கும் சமதளப் பாதை ஆடம்பரமன்று. அது கருணையின் வடிவம். மேலும், முனிவர்கள் தேர்ந்து செல்வதும் உயிர்கள் அரிதாகவே ஊரும் தேய்ந்த வழியைத்தானே! அவ்வாறு நோக்கின், கல் பாவிய பாதையே கொல்லாமைக்கு உகந்தது போலத் தோன்றும்.

இங்குதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தேய்ந்த வழியில் உயிர்கள் அரிதாக இருப்பது அவை தாமே விலகிச் சென்றமையால். கல் பாவிய கரையில் அவை இல்லாதிருப்பது, நாம் வருமுன்பே அகற்றப்பட்டமையால். புல்லும் வேரும், நண்டு வளையும் நத்தையும் இருந்த இடத்தின் மீதே கல் அமர்ந்திருக்கிறது. நம் காலடியில் கொலை நிகழவில்லை என்பது மெய். ஆயின் நமக்காக அது முன்னரே நிகழ்ந்துவிட்டது.

அகமதாபாத் நகரின் சபர்மதி ஆற்றங்கரை இதற்குத் தக்க சான்று. நம் சமயத்தார் மிகுதியாக வாழும் அந்நகரில், இரு கரைகளிலும் தனித்தனியே 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை 2012ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஆற்றில் கலந்த கழிவுநீர்க் குழாய்கள் பல தடுக்கப்பட்டன. நாள்தோறும் எண்ணற்றோர் அங்கே நடந்து நலம் பெறுகின்றனர். இவை பாராட்டத்தக்கவை. ஆனால் அக்கரைகளில் குடிசை அமைத்து வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. ஆற்றில் நிறைந்து நிற்பதும் நருமதைக் கால்வாயிலிருந்து கொணர்ந்த நீர். மண், நீர், செடி, பிறரைத் திரியச் செய்தல் எனச் சமந்தபத்திரர் எண்ணிய வரிசை நினைவுக்கு வருகின்றதன்றோ? அவர் விலக்கியது பயனற்றதையே. எனவே பயன் யாருக்கு, துன்பம் யாருக்கு என்று நிறுத்துப் பார்ப்பது நடப்பவர் கடமையாகிறது.

இக்கடமை பொழிச்சலூரில் வாழ்வோர்க்கு மிக அண்மையது. ஆதனூர் ஏரிப் பகுதியில் தோன்றும் அடையாறு, திருநீர்மலையருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரையும் ஏற்று, அனகாபுத்தூர், பொழிச்சலூர் வழியாக விமான நிலையத்தை ஒட்டிச் சென்று கடலில் கலக்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது, கரையென நாம் கருதியது ஆற்றின் உடலே என்பது விளங்கிற்று. அடையாற்றைச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று 2024-25ஆம் ஆண்டின் தமிழக நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. கரையில் பாதை அமையும் இடங்களில், நீர் பரவ இடம் விடப்பட்டதா, கரைவாழ் ஏழைகளுக்குத் தொழிலுக்கு அண்மையில் வீடு கிடைத்ததா, மண்ணை முற்றும் மூடாமல் வழி செய்ய இயலாதா என்று ஊர்க் கூட்டங்களில் வினவுவதும் அகிம்சையே. இதே ஆற்றின் முகத்துவாரத்தருகே, குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் செப்பனிடப்பட்டு, நீர்நிலையும் மரங்களும் மீட்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மனிதர் நடக்கவும் பிற உயிர்கள் வாழவும் ஓரிடத்திலேயே இயலும் என்பதற்கு அது சான்று.

இனி, நடப்பவரின் உள்ளத்தை நோக்குவோம். மடி கலந்த மன மொழி மெய்களால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி ஆசாரியர் வகுத்த இலக்கணம். வயல் வரப்பில் நடப்பவர் கீழே நோக்கியே ஆக வேண்டும், இல்லையேல் வழுக்கும். அங்கே வழியே நமக்கு ஆசிரியர். வழவழப்பான பாதையில் காலுக்குக் கண் தேவையில்லை. அவ்வாறு விடுபட்ட நோக்கைக் கைப்பேசிக்கும் வீண் பேச்சுக்கும் கொடுத்தால், எளிய வழி மடியின் வழியாக மாறிவிடும். அதனை உயிர்களின்பால் செலுத்தினால், அதே வழி விரதத்திற்குத் துணையாகும்.

நம் நாட்டில் இதற்குத் தனித் தேவையும் உண்டு. முனிவர்களின் மழைக்காலத் தங்கல் தீபாவளியை ஒட்டி நிறைவுறுகிறது. இங்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. மண் நீரில் ஊறியதும் மண்புழுவும் மரவட்டையும் நத்தையும் பாதையின் மீது ஏறும். அந்நாட்களில் நன்கு விடிந்தபின் நடப்பதும், வேகத்தைக் குறைப்பதும், குழந்தைகளுக்கு அவ்வுயிர்களைக் காட்டி விலகி நடக்கப் பழக்குவதும் இல்லறத்தார் யாவர்க்கும் இயலும்.

எளிய பாதை அறத்திற்குப் பகையன்று. அது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வது கால் வலியை மட்டுமே, பொறுப்பை அன்று. முனிவர் நோக்கும் நான்கு முழம் நமக்கு இன்னும் சற்று நீள்கிறது. காலடியில் ஊரும் உயிரிலிருந்து, பாதைக்காக இடம்பெயர்ந்த மனிதர் வரை அது சென்றால், நம் காலை நடை உடலோடு உயிருக்கும் உறுதி பயக்கும்.