எந்த நாளுக்கான கணக்கு?

பங்கு வணிகத்தில் ஈடுபடுவோரின் கணினித் திரையை உற்று நோக்கியவர்கள், அங்கே கோடுகளே ஆட்சி செய்வதைக் கண்டிருப்பார்கள். நிறுவனம் சிமென்ட் செய்கிறதா, மருந்து செய்கிறதா என்பது அக்கோடுகளுக்குத் தேவையில்லை. விலை ஏறியதும் இறங்கியதுமே போதும்.

அவற்றுள் பலரும் அறிந்தது ஆர்.எஸ்.ஐ. என்னும் குறியீடு. வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-இல் வெளியிட்ட நூலில் இதனை வகுத்துத் தந்தார். கடந்த 14 நாள்களில் விலை ஏறிய அளவின் சராசரியையும் இறங்கிய அளவின் சராசரியையும் ஒப்பிட்டு, 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக இது சுருக்கித் தருகிறது. எண் 70-ஐத் தாண்டினால் மிகையாக வாங்கப்பட்டுவிட்டது என்பர். 30-க்குக் கீழே சென்றால் மிகையாக விற்கப்பட்டுவிட்டது என்பர்.

ஆனால், நாளைத்தான் அலகாகக் கொள்ள வேண்டுமென்ற விதி ஏதுமில்லை. ஐந்து நிமிடத்தை அலகாகக் கொண்டும் இதே கணக்கைப் போடலாம். ஒரு வாரத்தை அலகாகக் கொண்டும் போடலாம். ஒரே பங்கு, ஒரே வேளையில், நிமிடக் கோட்டில் 75 என்றும் வாரக் கோட்டில் 28 என்றும் நிற்கக்கூடும். ஒன்று விற்கச் சொல்கிறது. மற்றொன்று வாங்கச் சொல்கிறது. இரண்டுமே பொய்யல்ல. எவ்வளவு காலத்துக்காகக் கேட்கிறோம் என்பதை நாம்தான் முதலில் சொல்லியாக வேண்டும். சொன்ன பின் அதில் நிற்கவும் வேண்டும்.

நாம் நிற்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணத்தில், மூன்று நாளில் விற்றுவிடுவதாக எண்ணி ஒரு பங்கை வாங்கினோம். நாள் கோடு சரிந்தது. வாரக் கோட்டைப் பார்த்தோம். அது இன்னும் நம்பிக்கை அளித்தது. அதுவும் சரிந்தபின் மாதக் கோட்டுக்குச் சென்றோம். வீட்டில் கேட்டபோது, "இது நீண்டகால முதலீடு" என்றோம். குறியீடு எவரிடமும் பொய் சொல்லவில்லை, சொன்னது நாம். கட்டணம் கட்ட வேண்டிய நாள் மட்டும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை.

குறுகிய கால வணிகம் பாவம், நீண்ட கால முதலீடு புண்ணியம் என்று பிரிப்பாரும் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. இன்ன விலைக்கு இறங்கினால் விற்றுவிடுக என்று முன்னரே எழுதிவைப்பதை 'ஸ்டாப் லாஸ்' என்பர். அப்படி எழுதி, அதன்படி நட்டத்தை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிற ஒருநாள் வணிகர் நம்மைவிட நேர்மையானவர் அன்றோ?

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் ஒப்பந்தங்களில் இந்தச் சாக்குக்கும் இடமில்லை; அவற்றுக்கு முடிவு நாள் உண்டு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். அவர்களது மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நட்டமடைந்தோரில் முக்கால் பங்கினருக்கு மேல் வணிகத்தைத் தொடர்ந்து நடத்தினர் என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. ஒப்பந்தத்தின் தேதியை நீட்ட இயலாதவர்கள் புதிய ஒப்பந்தம் ஒன்றை வாங்குகிறார்கள் போலும்.

இறுதியில் பங்கை விற்றோம். குறைந்த தொகைக்கு வளையல்களை அடகு வைத்துக் கட்டணம் கட்டினோம். அன்று மாலையே, விற்றது சரிதானா என்று மாதக் கோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.