படம் உரைக்கும் பொய்

வாய் திறவாமல் பொய் சொல்ல இயலுமோ? இயலும் என்பதே நம் ஆசாரியர்களின் துணிபு. வாய்மை எனும் அணுவிரதத்திற்குரிய குற்றங்களுள் பொய்யாவணம் புனைதலையும் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்துள்ளது. கூடலேகக் கிரியை என்பது அதன் பெயர். எழுத்திற்கு விதித்த இவ்வரம்பு இக்காலத்தில் ஒளிப்படத்திற்கும் பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது.

இதனை ஆராய்வதற்குச் சிவகாசி ஏற்ற ஊர். விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. மழையும் குறைவு; காற்றில் ஈரமும் குறைவு. அவ்வறட்சியே தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களுக்குத் துணையாயிற்று. தீப்பெட்டிச் சீட்டுகளை அச்சிட்ட ஊர், நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளை அச்சிடும் ஊராக வளர்ந்தது. அவற்றிலோ அருவியும் மலர்ச்சோலையும் பசும்புல்வெளியும் நிறைந்திருக்கும்.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி இல்லந்தோறும் சென்றன. ஓவியத்துச் சோலையை எவரும் ஓர் ஊருக்குச் சான்றாகக் கொள்வதில்லை. அது ஓவியரின் உள்ளத்தில் பூத்தது என்பதைக் காண்போர் அறிவர். ஆதலின் அது பொய்யாகாது. ஒளிப்படமோ நேரிற்கண்ட சாட்சியாக நம்முன் நிற்கிறது. சாட்சியை மாற்றினால் என்ன ஆகும்?

அச்சுக்கூடத்தில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு எனும் நான்கு மைகளால் எல்லா வண்ணங்களும் பிறக்கின்றன. இலையின்மீது மெஜந்தாவைச் சற்றே குறைத்தால் வாடிய இலையும் தளிர்போல் ஒளிரும். முன்பு பிலிமில் கையால் செய்த திருத்தத்தை, இன்று கணிப்பொறி நொடியில் செய்கிறது. கருவி மங்கலாக்கிய வண்ணத்தைக் கண் கண்டவாறு மீட்பது குற்றமன்று. அவ்வெல்லையைக் கடந்தால் என்ன நேரும் என்பதை அறிய, புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் பொய்ம்மையை நான்காகப் பகுத்திருப்பது உதவும்.

முதலாவது, உள்ளதை இல்லை என்றல். தோட்டத்துப் படத்திலிருந்து வற்றிய கிணற்றை அழிப்பது இதன்பாற்படும். இரண்டாவது, இல்லாததை உண்டு என்றல். வறண்ட கண்மாயில் நீரை நிரப்பிக் காட்டுவது இது. மூன்றாவது, ஒன்றைப் பிறிதொன்றாகக் கூறல். பசுவைக் குதிரை என்பது அவர் காட்டும் உதாரணம். ஆடி மாதத்துச் சருகைக் கார்த்திகைப் பசுமையாக்குவதும் அத்தகையதே. நான்காவது, பழிக்கத்தக்கதும் தீங்கு விளைப்பதும் இன்னாததுமான சொல்.

ஒரு பொருளை அதற்குரிய இடத்திலும் காலத்திலும் வைத்தே உரைத்தல் வேண்டும் என்பதும் இப்பகுப்பில் அடங்கும். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டைக்காக, எகிப்தின் பாலைவனத்துப் பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்தனர். பிரமிடுகள் மெய், அவற்றின் இடைவெளி பொய். அதனால் அவ்விதழ் பெருங்கண்டனத்திற்கு ஆளாயிற்று.

அவ்வாறெனின், திருத்தாத படம் மெய்யாகிவிடுமோ? அதுவும் இல்லை. கரிசற்காட்டில் சீமைக்கருவேலம் கோடையிலும் பசுமையாய் நிற்கும். அதனைத் திருத்தமின்றிப் படமெடுத்தாலும், உழவு ஒழிந்த தரிசு நிலம் வளமுடையதாகத் தோன்றும். 2013இல் துபாய்ப் பாலையில் திறக்கப்பட்ட மிரக்கிள் கார்டன் எனும் மலர்த்தோட்டம் கடுங்கோடையில் மூடப்படுகிறது; மலர்ந்த நாளின் படம் அதனைச் சொல்லாது. ஒவ்வொரு படமும் ஒரு நயமே, அஃதாவது ஒரு பக்கத்துப் பார்வையே. 'இது ஒரு பக்கம்' என்று நிற்கும் வரை அது நன்னயம். 'இதுவே முழுமை' என்று சாதித்தால் துர்நயமாகிறது என்பது அநேகாந்தம் தரும் தெளிவு.

ஆகவே, படத்தை நம்பி ஒருவர் எதைச் செய்வார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. சுவரில் தொங்கும் சோலையை நம்பி எவரும் கடன் வாங்கார். பண்ணை மனை விற்பனைத் தாளில் அச்சான சோலையை நம்பி, ஓய்வுபெற்ற ஒருவர் வாழ்நாட் சேமிப்பையே கொடுத்துவிடக்கூடும். அங்கு நீரில்லை என அறியும் நாளில் அவர் குடும்பம் படும் துயர் இம்சையன்றோ? பொய்யனைத்தும் இம்சையுள் அடங்கும் என்று அமிர்தசந்திரர் கூறியதன் ஆழம் இங்கே விளங்கும்.

'யான் கூலிக்கு வண்ணம் கூட்டினேன். விற்றவர் வேறொருவர்' என்று திருத்தியவர் ஒதுங்க இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்களே. அச்சிட்டவரும், ஐயம் எழுந்தும் பிறர்க்கு அப்படத்தைப் பரப்பியவரும் இதில் பங்குடையவர்.

இல்லறத்தார்க்கு இதில் அரிய விரதம் ஏதும் வேண்டியதில்லை. அழகுக்காகத் திருத்திய படம் எனின் அடியில் அதனைக் குறித்திடுக. நிலமோ வீடோ பொருளோ விற்கும் படமாயின், கண்ணுக்கு இனியதல்லாததையும் உடன் காட்டுக. நம் இல்லங்களில் கைப்பேசியில் படம் திருத்தும் இளையோர்க்கும் இதனை அன்புடன் எடுத்துரைப்போமாக.